பொய் சொன்ன பாரமானி

“என்ன தாயி இது, துப்பாக்கியா?”

கண்டக்டர் கேட்டதும் முன்சீட்டில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் பகல் நேரத்து பஸ். என் மடியில் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான மரப்பெட்டி. அதன் மறுமுனை என் பக்கத்தில் இருந்த பாண்டியம்மாளின் மடியில் இருந்தது. பச்சைப்பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் தாங்குவதுபோல அதைச் சாய்வாகப் பிடித்திருந்தோம்.

“பாரோமீட்டருங்க. காத்தோட எடையை அளக்குறது” என்றேன்.

“காத்துக்கு எடையா? எடைன்னு ஆகிப்போச்சுன்னா லக்கேஜ் போட்டுற வேண்டியதுதான்” என்று மெஷினைத் தட்டி டிக்கெட்டை நீட்டினார். பஸ்ஸே சிரித்தது. பாண்டியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் ரோட்டிலேயே இருந்தது. அடுத்த பள்ளம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தொடரில் இதுவரை நான் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்த கதையைத்தான் சொல்லிவந்தேன். “பாடம் எடுக்கப் போன கதையையும் எழுதுங்கள்” என்று திருச்சுழியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அந்தக் கதை எனக்கு இந்தப் பெட்டியிலிருந்துதான் தொடங்குகிறது.

தலைகீழாக வந்த விருந்தாளி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில் அப்போதுதான் வந்திருந்த ஒரு பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சுற்றிலும் கருவேலங்காடு. சுவரில் சுண்ணாம்பு வாசம்கூடப் போகவில்லை. இயற்பியல் துறையில் ஆசிரியர்கள் இரண்டே பேர். அதிலும் ஒருவர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். மிச்சம் நானும், ஆய்வக உதவியாளராக இருந்த பாண்டியம்மாளும்.

பாண்டியம்மாளுக்கு என் வயதுதான். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பத்தாவது வரை படித்தவர். கண்ணாடிச் சாமான் எதையும் ஒரு கையால் எடுக்க மாட்டார், பிறரையும் எடுக்க விடமாட்டார்.

இயற்பியல் பட்டப்படிப்புக்குத் தற்காலிக அனுமதிதான் கிடைத்திருந்தது. பல்கலைக்கழகக் குழு வந்து ஆய்வகத்தைப் பார்த்து, பட்டியலில் உள்ள கருவிகள் எல்லாம் இருக்கின்றன என்று எழுதினால்தான் படிப்பு நிலைக்கும். இல்லாவிட்டால் சேர்ந்திருந்த பிள்ளைகளை வேறு ஊர்க் கல்லூரிக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றினால் எத்தனை வீட்டில் அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பட்டியலில் எல்லாம் வந்துவிட்டது. பாரமானி மட்டும் வரவில்லை. கண்ணாடியும் பாதரசமும் சேர்ந்த சரக்கு என்றதும் கூரியர்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். “நம்மளே போய்த் தூக்கிட்டு வந்துருவோம் மேடம்” என்றார் பாண்டியம்மாள்.

மதுரைக் கடைக்காரர் பெட்டியைக் கொடுக்கும்போது ஒன்றையே மூன்று முறை சொன்னார். “தலைகீழா, சாய்ச்சே கொண்டு போங்க. வழியில நிமித்திராதீங்க. ஒரு சொட்டுக் காத்து உள்ள போச்சுன்னா எல்லாம் போச்சு.”

பாரமானி என்பது பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்து நிறுத்தியிருப்பார்கள். வெளிக்காற்று கிண்ணத்தை அமுக்க அமுக்க, பாதரசம் குழாய்க்குள் உயர்ந்து நிற்கும். எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறதோ அதுதான் அன்றைய காற்றழுத்தம். குழாயின் உச்சியில் பாதரசத்துக்கு மேலே இருக்கும் இடம் வெற்றிடமாக இருக்க வேண்டும். அங்கே காற்று புகுந்தால் அது பாதரசத்தைக் கீழே அமுக்கும். கருவி குறைத்துக் காட்டும்.

காரியாபட்டி நெருங்கும்போது என் போன் அடித்தது. கல்லூரி முதல்வர்.

“வாங்கிட்டீங்களாம்மா?”

“வந்துக்கிட்டே இருக்கோம் மேடம்” என்று சொல்ல ஒரு கையை எடுத்தேன். அதே நேரம் பஸ் வேகத்தடையில் ஏறிக் குதித்தது. பெட்டி பாண்டியம்மாளின் மடியிலிருந்து வழுக்கி, அடிப்பக்கம் தரையில் இடித்து, என் முழங்காலில் சாய்ந்து நேராக நின்றது. அப்படி நின்றது ஒரு நொடிதான். இரண்டு பேரும் அள்ளிப்பிடித்துப் பழையபடி சாய்த்தோம்.

பாளையம்பட்டி வரும் வரை இரண்டு பேரும் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

சத்தம் கேட்கவில்லை

மறுநாள் வெள்ளிக்கிழமை. சுவரில் கருவியை மாட்டி, அடித்திருகை மெல்லத் தளர்த்தினேன். பாதரசம் இறங்கி 744 மில்லிமீட்டரில் நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. குழாயை மெதுவாகச் சாய்த்தால் பாதரசம் உச்சிக்கு ஏறி முட்டும். மேலே வெற்றிடம் என்றால் சுத்தியல் நுனி பட்டதுபோல ‘டக்’கென்று கேட்கும். சாய்த்தேன். சத்தமே இல்லை. மெத்தையில் பந்து விழுந்ததுபோல மெதுவாகப் போய் நின்றது. உச்சியில் ஒரு சிறு குமிழி மினுங்கியது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். “திருப்பிக் கொண்டாங்க. சரி பண்ண மூணு வாரம் ஆகும்” என்றார். குழு வருவது அடுத்த வியாழக்கிழமை.

முதல்வரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. இந்தப் படிப்பை வாங்குவதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர். மேசையில் இருந்த கருவிப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “ஏதோ ஒரு நம்பர் காட்டுதுல்ல?”

“காட்டுது மேடம்.”

“போதும். வர்றவுக இருக்கா இல்லையான்னுதான் பாப்பாக. நீங்களா வாயத் தொறக்காதீங்க.”

எனக்கும் அது பெரிய தப்பாகத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

பூட்டிய அலமாரி

எங்கள் வீட்டில் முதல் விஞ்ஞானக் கருவி காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். எனக்கு ஆறேழு வயது இருக்கும்போது தம்பி அதை உடைத்துவிட்டான். சிமெண்டுத் தரையில் பாதரசம் உருண்டை உருண்டையாக ஓடியது. விரல் வைத்தால் இரண்டானது, நெருக்கினால் ஒன்றானது. நெசவு வீடு எங்களுடையது. வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். அம்மா தெலுங்கிலேயே எங்களைத் திட்டி விரட்டிவிட்டு, ஒரு காலண்டர் தாளால் அதை வழித்து எடுத்தார். விஷம் என்று தெரியும். ஆனாலும் அந்த வெள்ளி உருண்டையை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

பள்ளியில் கண்ணாடி அலமாரிக்குள் பாரமானி இருந்தது. அதை ஒருநாளும் திறந்து காட்டியதில்லை. சாவி யாரிடமோ இருந்தது. அடைபட்ட காற்றைப் பற்றிய பாயில் விதியையும் புத்தகப் படத்தைப் பார்த்துத்தான் படித்தேன்.

கல்லூரியில் அலமாரியைத் திறந்தார்கள். ஆனால் அங்கே வேறொன்றைக் கற்றுக்கொண்டேன். விடை என்ன வர வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்வோம். அதற்குத் தகுந்த அளவீடுகளைப் பின்னாலிருந்து எழுதிக்கொண்டு வருவோம். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான். வாயுவின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வரைபடமாகப் போட்டால் என் நேர்கோடு ஸ்கேல் வைத்ததுபோல இருக்கும். வைத்ததே ஸ்கேல்தான். செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினேன்.

அதனால்தான் முதல்வர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்ப முடிந்தது.

பாண்டியம்மாள் கேட்டது

பாண்டியம்மாள் பாரமானியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல்வர் சொன்னதைச் சொன்னேன். துணியை மடித்து வைத்தார்.

“மேடம், நான் படிக்காதவ. தப்பாச் சொன்னா விட்டுருங்க. இது பொய் சொல்லுதுன்னு நமக்குத் தெரியும். வியாழக்கிழமை வாரவுக பாத்துட்டுப் போயிருவாக. பிள்ளைக?”

“பிள்ளைகளுக்கு என்ன?”

“அதுக நோட்டுல நாளைக்கு இந்தப் பொய்யத்தான எழுதும்?”

 ஸ்கேல் வைத்து வரைந்த என்னுடைய கோடு ஞாபகத்துக்கு வந்தது. அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் முழுக்க அதே ஞாபகம்தான்.

திங்கட்கிழமை வகுப்பில் உள்ளதைச் சொன்னேன். “இந்தப் பாரமானியில் குமிழி இருக்கிறது. என் கை தவறியதால் வந்தது. இது காட்டுவது தப்பு. எவ்வளவு தப்பு என்று எனக்கும் தெரியாது.”

ஆசிரியர் தெரியாது என்று சொன்னதில் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். எல்லோரும் எழுந்து சுவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

செல்வமீனா என்று ஒரு பெண். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் அவள் அப்பா லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார். “இங்ஙன இருக்குற வரைக்கும் படி. வேற ஊருக்குன்னா வேண்டாம்” என்பது அவர் போட்ட கட்டளை. வகுப்பில் அதிகம் பேசாதவள், அன்று குமிழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மேடம், உள்ள இருக்குற காத்து எவ்வளவு அமுக்குதுன்னு தெரிஞ்சா, அதக் கூட்டிக்கிட்டா சரியாப் போகும்ல?”

“போகும். அது எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

“எடத்தக் குறைச்சுப் பாக்கணும். லாரி டியூப்ப ஒரு பக்கம் மிதிச்சா மறுபக்கம் விடைக்கும்ல, அது மாதிரி. எடம் குறையக் குறையக் காத்து எதுத்துத் தள்ளும். எவ்வளவு கூடுதலாத் தள்ளுதுன்னு பாத்தா, முந்தி எவ்வளவு தள்ளுச்சுன்னு தெரியும்.”

நான் புத்தகப் படத்தில் படித்த பாயில் விதியை அவள் பஞ்சர் கடையில் கைபடத் தெரிந்து வைத்திருந்தாள். பாதி இடத்தில் அடைத்தால் காற்று இரண்டு மடங்கு அமுக்கும். அவ்வளவுதான் அந்த விதி.

பாரமானியின் அடித்திருகை முறுக்கினால் பாதரசம் மேலே ஏறும். குமிழிக்கு இருக்கும் இடம் குறையும். செவ்வாயும் புதனும் நாங்கள் வேறு வேலையே பார்க்கவில்லை. ஒரு பெண் திருகைத் திருப்புவாள், ஒரு பெண் கண்ணை மட்டத்துக்கு வைத்து அளவு படிப்பாள், செல்வமீனா எழுதுவாள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத அளவுகளை அடிக்காமல் அப்படியே வைத்தோம். “அடிக்கக் கூடாதா மேடம்?” என்று ஒருத்தி நம்ப முடியாமல் கேட்டாள். அவளுக்கும் யாரோ ஸ்கேல் வித்தையைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்போல.

வியாழக்கிழமை

குழுவில் மூன்று பேர். தலைவராக வந்தவர் ஐம்பது வயதுக்கு மேலான ஒரு பேராசிரியை. முகத்தில் சிரிப்பே இல்லை. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து ‘உண்டு, உண்டு’ என்று கோடு போட்டுக்கொண்டே வந்தார். பாரமானிக்கும் கோடு போட்டுவிட்டு நகர்ந்தார்.

அத்தோடு முடிந்திருக்கும். நான் பேசாமல் இருந்திருக்கலாம். 

“மேடம், அது சரியில்லை” என்றேன்.

முதல்வர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது.

பேராசிரியை திரும்பி வந்தார். பாரமானியைத் தானே சாய்த்துப் பார்த்தார். சத்தம் இல்லை. “அப்புறம் எதுக்கு மாட்டி வச்சிருக்கீங்க?”

“பிள்ளைகள் அதைத் திருத்தி அளக்கிறார்கள் மேடம். நீங்கள் பார்க்க வேண்டும்.”

செல்வமீனா முன்னால் வந்தாள். திருகைப் பிடித்தாள். முதல் அளவு 744. குமிழியின் இடம் மூன்றில் இரண்டு பங்காகும் வரை பாதரசத்தை ஏற்றினாள். கிண்ணத்து மட்டமும் கூடவே ஏறியதால், அங்கிருந்து அளந்தால் பாதரசத்தின் உயரம் ஐந்து மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

“எடம் மூணுல ரெண்டாச்சுன்னா காத்து ஒண்ணரை மடங்கு அமுக்கும் மேடம். கூடின பாதி அஞ்சு. அப்ப முழுசு பத்து. எழுநூத்தி நாப்பத்தி நாலோட பத்தக் கூட்டினா எழுநூத்தி அம்பத்தி நாலு.”

குழுவில் இளையவர் ஒருவர் தன் போனை எடுத்தார். விலையுயர்ந்த போன். அதற்குள்ளேயே காற்றழுத்தம் காட்டும் உணரி இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “எழுநூத்தி நாப்பத்தி எட்டுதான் வருது. ஆறு மில்லிமீட்டர் தப்பு.”

  முதல்வர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் செல்வமீனாவின் நோட்டை எடுத்துப் புரட்டினேன். இரண்டு நாளாக எத்தனை முறை அளந்திருப்போம்!

பேராசிரியை செல்வமீனாவைத்தான் பார்த்தார். “இந்த ரூம்ல வெயில் எப்படி?”

அவளுக்குப் புரியவில்லை. பாண்டியம்மாள் அவள் பின்னால் நின்று முகத்தை விசிறுவதுபோலக் கையை அசைத்தார். சட்டென்று அவள் கண் பாரமானியின் உடம்போடு ஒட்டியிருந்த சின்னத் தெர்மாமீட்டருக்குப் போனது.

“முப்பத்தேழு டிகிரி மேடம். பாதரசம்... சூட்டுல பாதரசம் விரிஞ்சிருக்கும். அதுனால உசரமா நிக்கிது. கழிக்கணும்!”

சூட்டுக்கான திருத்தத்தை அட்டவணையில் தேடினாள். நாலரை மில்லிமீட்டர். 754 என்பது 749-க்கும் 750-க்கும் நடுவில் வந்து நின்றது. போன் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றரை.

“இவ்வளவு கிட்ட வந்தா போதும். மிச்சத்துல கொஞ்சம் பூமியோட இழுப்பு, கொஞ்சம் அந்தப் போனோட பொய்” என்றார் பேராசிரியை. வந்ததிலிருந்து அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

பிறகு என்னிடம், “இத முன்னாடியே பட்டியல்ல ‘பழுது’ன்னு எழுதியிருக்கலாம்ல?” என்று கேட்டார். “பயமாக இருந்தது” என்றேன். தலையாட்டினார். பாரமானிக்குப் போட்ட கோட்டை அடித்துவிட்டு, பக்கத்தில் ஏதோ நாலு வரி எழுதினார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. படிப்புக்கு நிரந்தர அனுமதி. பாரமானியைப் பழுது பார்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. முதல்வர் கடிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “எனக்குத் தைரியம் இல்லாமப் போச்சு சுசீலா” என்றார். “எனக்கும்தான் மேடம் இல்லை. பாண்டியம்மாள் கேட்காமல் இருந்திருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்” என்றேன்.

பதினாலு பவுண்டு

கல்லூரி தினத்தன்று செல்வமீனாவின் அப்பா வந்தார். நகக்கண்ணில் கழுவியும் போகாத கறுப்பு. பாரமானி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இது எத்தன பவுண்டு காட்டுதுங்க?”

“பவுண்டுல சொன்னா பதினாலரை கிட்ட வரும்ப்பா” என்றாள் மகள்.

“டயர்ல காத்தே இல்லேன்னா நம்ம கேஜு ஜீரோ காட்டுதே?”

“ஜீரோன்னா வெளியில இருக்குற அளவு உள்ளயும் இருக்குன்னு அர்த்தம். அதுக்கு மேல எவ்வளவு கூடுதல்னுதான் நம்ம கேஜு காட்டும்.”

“ஜீரோ காட்டுறப்பவும் பதினாலு பவுண்டு இருக்கா?” என்று தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்தன வருசமாக் காத்துலயே பொழைக்கிறேன், எனக்குத் தெரியலயே தாயி.” பிறகு என்னைப் பார்த்து, “இதுக்கு மேல படிக்கணும்னா மதுரையாங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்றார்.

பத்து மணி அளவு

பழுது பார்த்து வந்த பாரமானியைச் சாய்த்தபோது ‘டக்’கென்று கேட்டது. அன்றிலிருந்து தினமும் காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் அளவெடுத்துக் கரும்பலகையில் எழுதுவதைப் பாண்டியம்மாள் தானாகவே பிடித்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தார். “மேடம், மறுபடியும் பழுதா? தெனமும் சாயங்காலமானா ரெண்டு மில்லிமீட்டர் எறங்கிருது. காலைல ஏறிருது.”

எனக்கும் தெரியாது. புத்தகத்தைத் தேடிப் படித்தேன். கடலுக்கு இருப்பதுபோலக் காற்று மண்டலத்துக்கும் தினசரி ஏற்றம் இறக்கம் உண்டாம். நம் பக்கத்தில் அது தெளிவாகவே தெரியுமாம். இத்தனை வருடம் இயற்பியல் படித்த நான் பார்க்காததை, நேர்மையாக இரண்டு வேளை எழுதியே அவர் கண்டுபிடித்திருந்தார்.

ஐப்பசி மாதம். மூன்று வாரமாக மேகம் வந்து வந்து போனது. ஒருநாள் காலை பத்து மணி அளவு ஏறவே இல்லை. நாலு மணிக்கு வழக்கத்தைவிட அதிகமாக இறங்கியது. மறுநாள் பத்து மணிக்கு அதற்கும் கீழே இருந்தது. பாண்டியம்மாள் போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

“ஏங்க, இன்னைக்கே புழுதியில உளுந்த வெதச்சிருங்க.”

மழைக்கு முன்னே காய்ந்த மண்ணில் விதைப்பது. மழை வராவிட்டால் விதை எறும்புக்கும் குருவிக்கும்தான் போகும். “பாண்டியம்மா, இது மழையைச் சொல்லாது. காற்றின் அழுத்தத்தைத்தான் சொல்லும்” என்றேன்.

“தெரியும் மேடம். போனு பத்து தடவ மழைன்னு காட்டுச்சு, ஒரு சொட்டு விழல. இது மழைன்னு ஒரு வார்த்த சொல்லல. என்ன இருக்கோ அத மட்டும் காட்டுது. முடிவு நான் எடுத்தது. வந்தா வரட்டும், போனாப் போகட்டும்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அருப்புக்கோட்டையில் வானம் கறுத்திருந்ததே தவிர மழை இல்லை. ஜன்னல் பக்கமே நின்றுகொண்டிருந்தேன். மூன்று மணி வாக்கில் போன் அடித்தது. எடுத்தேன். பாண்டியம்மாள் எதுவும் பேசவில்லை. தகரக் கூரையில் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது, காதைப் பிளக்கிற மாதிரி.

“கேக்குதா மேடம்?” என்று கடைசியில் கத்தினார். “மண்ணு குடிக்கிது மேடம்!”